முதுநிலை அனிமேஷன் இறுதித் திட்டம்: ஆறு நிமிடப் படத்தைக் குறைப்பதா, உதவியாளர்களை நாடுவதா?

கேள்வி எழுதியவர்: வெண்பாத்தி

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு வடிவமைப்புக் கல்லூரியின் அனிமேஷன் பிரிவில் முதுநிலைப் படிப்பின் இறுதிப் பருவத்தில் இருக்கிறேன். இறுதித் திட்டமாக ஒரு குறும்படத்தைத் தனியாளாகச் செய்துவருகிறேன். தூத்துக்குடி உப்பளத்தில் வாழ்நாளின் பெரும்பகுதி உப்பு வாரிய என் ஆச்சியைப் பற்றிய படம் இது. தை மாதம் பாத்தியின் களிமண்ணைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவதில் தொடங்கி, ஐப்பசியில் மழை இறங்கி அளம் முழுவதும் நீருக்குள் போய் வேலை நின்றுவிடுவதுவரை, ஓர் உப்புப் பருவம்தான் படத்தின் காலம்.

படத்தில் உப்பை நான் எங்கும் வரையவில்லை. தாளின் வெண்மையே உப்பாக நிற்க, அதன்மேல் விழும் நிழலையும், சேலையையும், கால்களையும், உப்பு வாரும் பலகையையும், வானத்தையும் மட்டுமே கரிக்கோலின் சொரசொரப்போடு வரைகிறேன். நண்பகல் காட்சிகளில் நிழல் குறுகக் குறுகக் கோடுகளும் குறைந்து, கண் கூசும் அந்த வெளிச்சத்தில் ஆச்சி ஏறத்தாழ மறைந்தே போவார். இந்த முறையை என் வழிகாட்டி ஏற்றுக்கொண்டுவிட்டார். இடைக்கால ஜூரியும், அதாவது மதிப்பீட்டுக் குழுவும், வரவேற்றது. டிவிபெயின்ட் மென்பொருளில் வரைந்து, ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அடுக்குகளை ஒன்றுசேர்த்துக் காம்போசிட் செய்கிறேன்.

அனிமேட்டிக்கின் (காட்சி ஓவியங்களை நேரக்கணக்கில் அடுக்கிய முன்மாதிரிப் படத்தின்) நீளம் ஆறு நிமிடம். அதில் 52 ஷாட்கள் உள்ளன. அவற்றுள் கிளீன் அப் (கோடுகளைச் செம்மையாக்கி வரைவது) வரை முடிந்தவற்றைக் கூட்டினால் ஏறத்தாழ 100 நொடி வருகிறது. ஒப்படைக்க இன்னும் 14 வாரங்கள் இருக்கின்றன. அதே நாளில் செயல்முறை அறிக்கையையும் எழுதி முடித்துக் கொடுக்க வேண்டும்.

படத்தைச் சுருக்கிவிடுமாறு வழிகாட்டி சொல்கிறார். இளநிலை மாணவர்கள் சிலரை, முக்கிய நிலைகளுக்கு நடுவில் வரும் இடைப்படங்களுக்கும் கிளீன் அப்புக்கும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் வகுப்புத் தோழர்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் இடைப்படங்களை விட்டுவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. எதை வெட்டினாலும் ஆச்சியின் வாழ்க்கையிலிருந்து ஒரு பகுதியை வெட்டுவதுபோல் இருப்பதால், என்னால் முடிவெடுக்க இயலவில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஆச்சி பேசியதை அளத்தின் ஓரத்தில் வைத்துக் கைப்பேசியில் பதிவு செய்திருக்கிறேன். காற்றிரைச்சல் மிகுதியாக இருப்பதால், அதை ஒரு குரல் கலைஞரைக் கொண்டு மீண்டும் பேசவைக்க வேண்டுமா? அனிமேட்டிக்கின் இறுதியில் தற்காலிகமாக ஒரு பழைய திரைப்பாடலை வைத்திருக்கிறேன். அதை அப்படியே வைத்துக்கொள்ள வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி: தாள்கட்டு

வணக்கம் தங்கையே. பல ஆண்டுகளாக இருபரிமாண அனிமேஷன் கூடங்களில் படம் வரைபவனாகவும் பிறகு தயாரிப்பு மேற்பார்வையாளனாகவும் வேலை செய்துவருகிறேன். வெட்டுவதா வேண்டாமா என்ற கேள்வியை மனத்தைக் கொண்டு தீர்க்கப் பார்த்தால் அது தீரவே தீராது. முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நொடிக்கு 24 பிரேம் வீதம் ஆறு நிமிடத்துக்கு 8,640 பிரேம்கள் வேண்டும். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தி, நாங்கள் டூஸ் என்று சொல்லும் முறையில் வரைந்தாலும் 4,320 படங்கள் ஆகின்றன. முடித்த 100 நொடியைக் கழித்தால் மீதமுள்ள 260 நொடிக்கு 3,120 படங்கள் தேவை. 14 வாரங்களில் கடைசி இரண்டு வாரங்கள் ஒலிக் கலவைக்கும், படத்தைக் கோப்பாக வெளியெடுக்கும் இறுதி ரெண்டருக்கும் போய்விடும். அதற்கு முந்தைய வாரம் காம்போசிட்டில் தெரியவரும் குறைகளைச் சரிசெய்யவே போதாது. அறிக்கைக்கு எல்லாம் சேர்த்து இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். வரைவதற்கென்று உண்மையில் மிஞ்சுவது ஒன்பது வாரம். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 54 நாள்கள். அப்படியானால் ரஃப் என்னும் முதல்நிலை வரைவும் கிளீன் அப்புமாக நாளொன்றுக்கு 58 படங்கள் வரைய வேண்டியிருக்கும். கரிக்கோலின் தன்மையோடு வரையும் ஒருவர் இரண்டொரு நாள் அதைச் செய்துகாட்டலாம். ஒன்பது வாரம் தொடர்ந்து செய்தால் படமும் கெடும், மணிக்கட்டும் கெடும்.

நாளுக்கு 24 படங்கள், அதாவது இரண்டு நொடி என்பது தாங்கக்கூடிய வேகம். 54 நாளில் 108 நொடி வரும். கையிலிருக்கும் 100 நொடியோடு சேர்த்தால் மூன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். ஹோல்டுகளையும் (ஒரே நிலையில் நிறுத்துவது) சுழற்சிகளையும் (ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது) புத்தியோடு பயன்படுத்தினால் நான்கு நிமிடம்வரை போகலாம். ஆகவே உங்கள் படம் நான்கு நிமிடப் படம் என்பதை இன்றே ஏற்றுக்கொள்ளுங்கள். ஆறு நிமிடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தால், கடைசி வாரத்தில் எது விடுபடும் என்பதைக் காலண்டர்தான் முடிவுசெய்யும். அப்போது விடுபடுவது பெரும்பாலும் இறுதிக் காட்சியாகத்தான் இருக்கும்.

எப்படி வெட்டுவது என்பதுதான் அடுத்தது. எல்லா ஷாட்டுகளிலும் ஒன்றிரண்டு நொடியைச் சுரண்டி எடுக்காதீர்கள். அப்படிச் செய்தால் படம் முழுவதும் மூச்சு வாங்கும். 52 ஷாட்களின் சிறு படங்களையும் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, இது இல்லாமல் படமே இல்லை என்பவற்றை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மிதிப்பது, நண்பகல் வெளிச்சம், மழை ஆகிய மூன்றும் அவற்றில் அடங்கும். வீட்டிலிருந்து அளத்துக்கு நடப்பது, தேநீர்க் கடை, திரும்பி வருவது போன்ற இணைப்புக் காட்சிகள் இருந்தால் அவற்றின் வேலையை ஒலியிடமும் ஆச்சியின் குரலிடமும் ஒப்படைத்துவிடலாம். பிறகு கதை வரிசையில் வரையாமல் முக்கியத்துவத்தின் வரிசையில் வரையுங்கள். கை நன்றாகப் பழகியிருக்கும் இந்த முதல் வாரங்களிலேயே மிகக் கடினமான ஷாட்டை முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு ஷாட்டும் முடிந்த அன்றே அதை டைம்லைனில் அனிமேட்டிக்கின் மேல் வைத்து, படத்தை முதலிலிருந்து இறுதிவரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்த நாளில் நிறுத்தினாலும் முதலும் முடிவும் உள்ள ஒரு படம் கையில் இருக்க வேண்டும்.

ஹோல்டு பற்றி ஒரு சொல். ஒரே படத்தை நீட்டி நிறுத்தினால் கையால் வரைந்த படத்தில் அது உடனே செத்துப்போனதுபோல் தெரியும். அதே நிலையை மூன்று முறை தனித்தனியாக வரைந்து மாறிமாறிச் சுழலவிட்டால் கோடு மெல்லத் துடித்துக்கொண்டே இருக்கும். மூன்று படங்களில் பத்து நொடியைத் தாங்கிவிடலாம். உப்பு வாருவதும் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைதான். பலகையை இழுக்கும் ஒரு முழுச் சுழற்சியைச் செம்மையாக வரைந்து, நிழலை மட்டும் தனி லேயரில் வைத்துக்கொண்டால், காலை நிழலோடு ஒரு ஷாட்டிலும் மாலை நிழலோடு இன்னொரு ஷாட்டிலும் அதையே பயன்படுத்தலாம்.

உதவியாளர்களைப் பொறுத்தவரை, கல்லூரி விதிகள் அனுமதித்தாலும் கிளீன் அப்பை அவர்களிடம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. இந்தப் படத்தில் கோடுதான் எல்லாமே; இன்னொருவரின் கையை உங்கள் கோட்டுக்குப் பழக்கும் நேரத்தில் நீங்களே வரைந்துவிடலாம். நிழல் நிரப்புதல், கோப்புகளுக்குப் பெயரிட்டு அடுக்குதல், காம்போசிட்டில் லேயர்களை ஏற்றுதல் ஆகியவற்றுக்கு உதவி பெறுங்கள். பெயர்ப் பட்டியலில் யார் என்ன செய்தார் என்பதைத் தெளிவாகப் போடுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்துவதானால், வழிகாட்டியிடம் எழுத்தில் ஒப்புதல் பெற்ற பிறகே தொட வேண்டும். அதைவிட முக்கியமான காரணம் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. களிமண்ணில் மிதித்த கால் மேலே வரும்போது ஒரே வேகத்தில் வருவதில்லை. குதிகால் முதலில் எழும்பும், விரல்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டே நீளும், கால் அங்கேயே தயங்கும், பிறகு பட்டென்று விடுபட்டு மேலே போகும். இரண்டு படங்களுக்கு நடுவில் எது வரும் என்று கணித்து நிரப்பும் கருவி, அந்தத் தயக்கத்தைச் சராசரியாக்கி வழுக்கிக்கொண்டு போகவிட்டுவிடும். மண் பிடித்து இழுப்பது தெரியாவிட்டால் மிதிப்பின் பாரமும் தெரியாது.

கடைசியாக, ஒவ்வொரு ஷாட்டையும் ஒற்றை வீடியோக் கோப்பாக ரெண்டர் செய்யாமல், பிரேமுக்கு ஒன்றாகப் பிஎன்ஜி படக்கோப்புகளின் வரிசையாக எடுங்கள். நடுவில் கணினி நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வேலை முழுவதும் இரண்டு தனித்தனி வட்டுகளிலும், நீங்கள் தங்கியிருக்கும் இடத்துக்கு வெளியே மூன்றாவதாக ஓரிடத்திலும் இருக்கட்டும்.


மறுமொழி: கரும்பலகை

வணக்கம். முதுநிலை மாணவர்களின் திட்டங்களுக்கு வழிகாட்டியாகவும் புறத் தேர்வாளராகவும் இருந்துவருகிறேன். மேலே நண்பர் சொன்ன கணக்கை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நொடியையும் படங்களின் எண்ணிக்கையையும் சமமாக வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் படத்தில் மிகக் குறைந்த கோடுகள் உள்ள ஷாட்தான் மிக வலிமையான ஷாட். ஆச்சி வெளிச்சத்தில் மறைந்துபோகும் நண்பகலுக்கு நான்கு நொடி கொடுத்தால் அது அழகான உத்தியாக மட்டுமே நிற்கும். இருபது நொடி கொடுத்தால் பார்ப்பவருக்கே கண் கூசத் தொடங்கும். படத்தைச் சுருக்கும்போது அந்த ஷாட்டை நீட்டுங்கள். அதற்கு ஆகும் படங்கள் குறைவு. அது தரும் பலன் மிகப் பெரிது.

ஆச்சியின் வாழ்க்கையை வெட்டுவதாக உணர்வதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கவலையை மதிக்கிறேன். படத்தில் இடம்பெறாதவை வீணாகிவிடாதபடி வைப்பதற்குத்தான் செயல்முறை அறிக்கை இருக்கிறது. நீக்கிய ஷாட்களின் ஸ்டோரிபோர்டையும், களத்தில் வரைந்த ஓவியங்களையும், ஆச்சி சொன்ன செய்திகளையும் அங்கே முழுமையாக வையுங்கள். ஒரு காட்சி ஏன் நீக்கப்பட்டது என்று இரண்டு பத்தி எழுதிய மாணவரை எந்த ஜூரியும் குறைவாக மதிப்பிட்டு நான் பார்த்ததில்லை. பெரும்பாலான அறிக்கைகள் தோற்பது, எந்த மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்று பக்கம் பக்கமாக எழுதுவதால்தான். தேர்வாளர் தெரிந்துகொள்ள விரும்புவது நீங்கள் எடுத்த முடிவுகளையும் அவற்றின் காரணங்களையும்.

ஜூரியில் உறுதியாக ஒரு கேள்வி வரும்: இதை ஏன் கேமராவால் எடுத்து ஆவணப்படமாக்கவில்லை? உங்களிடம் அதற்கு வலுவான விடை இருக்கிறது. கேமரா வைத்தால் உப்பு ஒரு பொருளாகத் திரையில் வந்து நிற்கும். நீங்களோ அதை வரையாமல் விட்டு, உழைக்கும் உடலை மட்டும் வரைகிறீர்கள். இந்த விடையை அறிக்கையின் முதல் இயலிலேயே எழுதிவிடுங்கள். உங்களுக்கு முன்னோடிகளும் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989 முதல், ஒரே தாளில் கரிக்கோலால் வரைந்து, அழித்து, மீண்டும் வரைந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் கேமராவில் பதிவு செய்து படங்களை உருவாக்கினார். அழித்த கோட்டின் தடம் தாளில் தங்கிவிடுவதால், நடந்து முடிந்தது திரையைவிட்டு முழுமையாகப் போவதில்லை. சுரங்கமும் உழைப்பும் சிதைந்த நிலமும் அவருக்கு அப்படித்தான் பாடுபொருளாயின. ஜப்பானிய இயக்குநர் இசாவோ தகாஹாத்தா, 2013-இல் வெளிவந்த தம் கடைசி முழுநீளப் படத்தில், சட்டகத்தின் ஓரங்களை நிரப்பாமல் வெற்றுத் தாளாகவே விட்டார். நம் நாட்டில், அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவு 1950-களில் மும்பையில் தொடங்கப்பட்டு, டிஸ்னியிலிருந்து வந்த கிளேர் வீக்ஸ் அங்கே பயிற்சி அளித்ததையும், இந்திய அனிமேஷனின் முன்னோடியான ராம் மோகன் அந்தப் பிரிவிலிருந்து உருவானதையும் எல்லாரும் ஒரு பத்தியில் எழுதிவிடுவார்கள். நீங்கள் வரலாற்றைத் தொகுத்துக் கொடுப்பதைவிட, வெற்றுத் தாளையும் கரிக்கோலையும் மற்றவர்கள் எதற்காகப் பயன்படுத்தினார்கள், நீங்கள் எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒப்பிட்டு எழுதுவது பயன் தரும்.

அறிக்கையைக் கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டாம். நாள்தோறும் வரைந்து முடித்ததும் அன்றைக்கு எடுத்த முடிவை மட்டும் ஐந்தாறு வரியில் எழுதி, அன்றைய படத்தோடு தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொகுத்தாலே பாதி அறிக்கை ஆகிவிடும்.

ரஃப் நிலையில் இருக்கும் ஷாட்களை ஒப்படைப்பதற்கு முன் ஆச்சிக்கும், அளத்தில் இன்றும் வேலை செய்யும் ஓரிருவருக்கும் போட்டுக் காட்டுங்கள். பலகையின் கைப்பிடியை எந்த உயரத்தில் பிடிப்பது, இழுக்கும்போது எந்தக் கால் பின்னால் போகும் என்பதெல்லாம் அவர்கள் கண்ணுக்கு உடனே படும். எங்களைப் போன்ற தேர்வாளர்களுக்குப் படாது. அப்போதே, ஆச்சியின் குரலையும் வாழ்க்கைச் செய்திகளையும் பயன்படுத்துவதற்கு, அவருக்குப் புரியும்படி படித்துக்காட்டி எழுத்தில் ஒப்புதல் பெற்றுவிடுங்கள். பாட்டிதானே என்று விட்டுவிடக் கூடாது. படம் வெளியூர்த் திரைகளுக்குப் போகும்போது எங்கெல்லாம் தம் குரல் ஒலிக்கப்போகிறது என்பதை அறிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு.


மறுமொழி: ஒலிக்கூடம்

ஒலி பற்றிய இரண்டு ஐயங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். ஆச்சியின் குரலை மாற்றவே மாற்றாதீர்கள். தூத்துக்குடிப் பேச்சை ஒரு குரல் கலைஞர் திறமையாகப் பேசிவிடலாம். பல ஆண்டு உப்புக் காற்றில் உழைத்த நெஞ்சின் மூச்சை அவரால் கொண்டுவர முடியாது. கைப்பேசிப் பதிவில் உள்ள காற்றிரைச்சலின் பெரும்பகுதி கீழ் அதிர்வெண்களில்தான் இருக்கும். 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டினாலே பாதி தெளிந்துவிடும். இரைச்சலை முழுவதும் துடைக்கும் கருவிகளை அளவோடு பயன்படுத்துங்கள். மிகையாகப் போனால் குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். மிஞ்சும் காற்றை மறைக்க முயல வேண்டாம். அளத்தின் காற்றொலியைப் பேச்சே இல்லாமல் சில நிமிடம் தனியாகப் பதிவு செய்து, குரல் வரும் காட்சிகள் முழுவதும் அடியில் ஓடவிட்டால், குரலோடு வரும் இரைச்சலும் அந்த இடத்துக்கே உரியதாகக் கேட்கும். முடியுமானால் முக்கியமான சில வரிகளை மட்டும் ஆச்சியின் வீட்டுக்குள், மின்விசிறியை நிறுத்தி, துணிமணி நிறைந்த அறையில் வைத்து, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் மீண்டும் பதிவு செய்யுங்கள். எழுதிக்கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். அதே கேள்வியை மறுபடியும் கேட்டு அவரைப் பேசவிடுங்கள். குரல் முகத்தோடு ஒட்டாமல் பின்னணியாகவே வருவதால் உதட்டசைவைக் குரலோடு பொருத்தும் லிப் சிங்க் தொல்லை உங்களுக்கு இல்லை. இது உங்கள் திட்டத்துக்குக் கிடைத்த பெரிய ஆறுதல்.

உப்பை நீங்கள் வரையவில்லை என்பதால், உப்பு இருப்பதைச் சொல்லும் பொறுப்பு முழுவதும் ஒலிக்கு வந்துவிடுகிறது. நான் அந்தப் பக்கத்துக்காரன் என்பதால் இதைச் சொல்கிறேன்: பாத்தியில் நீர் நிற்கும்போது பலகையை இழுத்தால் வரும் ஒலி வேறு, வாரி வரப்பில் குவித்த பிறகு காய்ந்த உப்பின்மேல் பலகை உரசும் ஒலி வேறு. முதலாவது நீரை விலக்கிக்கொண்டு நெறுநெறுவென்று வரும். இரண்டாவது வறண்டு, காதைக் கீறும். இரண்டையும் நேரில் பதிவு செய்துவிடுங்கள். மழைக்காலமாக இருந்து அளத்தில் வேலை இல்லையென்றால், ஒரு தட்டில் கல்லுப்பைப் பரப்பி அதன்மேல் மரப்பலகையை இழுத்துப் பதிவு செய்யலாம். தட்டில் சிறிது நீர் ஊற்றினால் முதல் ஒலியும் கிடைக்கும். நண்பகல் காட்சியில் இந்த ஒலிகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போய், இறுதியில் காற்றை மட்டும் விடுங்கள்.

திரைப்பாடலை எடுத்துவிடுங்கள். வகுப்பறைக்குள் காட்டுவது ஒன்று; விழாவுக்கு அனுப்புவது வேறு. பாடல் வரிக்கும் இசைக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனி உரிமைகள் உண்டு. இந்தியச் சட்டப்படி வரிக்கும் இசைக்கும் அவற்றை உருவாக்கியவரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டும், ஒலிப்பதிவுக்கு அது வெளியான பின் 60 ஆண்டும் உரிமை நீடிக்கும். பாரதியார் பாடல் போன்ற நாட்டுடைமையானவற்றை எடுத்துக்கொண்டாலும், ஏற்கெனவே ஒருவர் பாடி வெளியான பதிவைப் பயன்படுத்தினால் அந்தப் பதிவின் உரிமை குறுக்கே வரும். புதிதாகப் பாடவைக்க வேண்டும். ஆச்சிக்கு ஏதேனும் வேலைப் பாட்டோ தாலாட்டோ தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

விழாக்கள் என்று சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். பிரான்ஸின் அனெசியில் 1960 முதல் நடக்கும் அனிமேஷன் விழாவில் பட்டப்படிப்புப் படங்களுக்கென்றே தனிப் போட்டிப் பிரிவு இருக்கிறது. 1990-இல் தொடங்கிய மும்பைப் பன்னாட்டுத் திரைப்பட விழாவும் அனிமேஷன் படங்களை ஏற்கிறது. படத்தை முன்னதாகவே யூடியூபில் எல்லாரும் பார்க்கும்படி ஏற்றிவிட்டால், முதல் திரையிடல் உரிமையை எதிர்பார்க்கும் சில விழாக்களின் கதவு அடைபட்டுவிடும். ஜூரிக்குக் கடவுச்சொல் இட்ட இணைப்பைக் கொடுங்கள். ஆங்கிலத் துணைத்தலைப்பைப் படத்தின்மேல் பதித்துவிடாமல் தனிக் கோப்பாகவே வைத்திருங்கள்.


மறுமொழி: வெண்பாத்தி

இவ்வளவு பொறுமையாக எழுதிய மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. தாள்கட்டு அண்ணன் போட்ட கணக்கை வழிகாட்டியிடம் அப்படியே காட்டினேன். அவரும் நான்கு நிமிடத்துக்கு ஒப்புக்கொண்டார். ஷாட்களைச் சுவரில் ஒட்டிப் பார்த்ததில், ஆச்சி அளத்துக்கு நடந்துபோகும் வழி, மதியச் சாப்பாடு, கூலி வாங்கும் இடம் ஆகிய காட்சிகளை எடுத்துவிட முடிந்தது. கூலியை மட்டும் விட மனம் வராததால், அதை ஆச்சியின் வாய்மொழியாக மழைக்கு முந்தைய ஷாட்டின்மேல் வைத்திருக்கிறேன். நண்பகல் ஷாட் இப்போது 22 நொடி. கரும்பலகை அம்மா சொன்னபடி ரஃப்பை ஆச்சிக்குக் காட்டினேன். பலகையை இழுக்கும்போது உடம்பு முன்னால் சாயக் கூடாது, பாரம் முழுவதும் பின்குதிகாலில் இருக்க வேண்டும் என்று எழுந்து நின்று செய்தே காட்டினார். அந்தச் சுழற்சியை முழுவதும் மாற்றி வரைகிறேன். பாடலையும் எடுத்துவிட்டேன், ஆச்சியிடம் ஒரு தாலாட்டு இருக்கிறது.

ஒரே ஒரு ஐயம் மீதமிருக்கிறது. மழை இறங்கி உப்பு கரைந்து, பாத்திகள் எல்லாம் ஒரே நீர்ப்பரப்பாக மாறும் இறுதி ஷாட்டுக்கு 20 நொடி வைத்திருக்கிறேன். மழைக்கோடுகளையும் நீர் வளையங்களையும் பிரேம் பிரேமாக வரைந்தால் ஒன்பது வாரத்தில் இரண்டு வாரத்தை அதுவே விழுங்கிவிடும் போலிருக்கிறது. இதற்கு வேறு வழி உண்டா?


மறுமொழி: தாள்கட்டு

அந்த ஷாட்டைக் கணினியில் வரையாதீர்கள், தங்கையே. படம் முழுவதும் தாளின் வெண்மைதான் உப்பு என்றால், மழையில் அந்த வெண்மைதான் கரைய வேண்டும். மேலே கரும்பலகை குறிப்பிட்ட கென்ட்ரிட்ஜின் வழியை இங்கே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பெரிய தாளில் பாத்திகளின் வரப்புகளை மட்டும் வரைந்து கேமராவுக்குக் கீழே ஒட்டிவிடுங்கள். பிறகு கரிக்கோலால் சிறிது தேய்ப்பது, ஒரு படம் எடுப்பது, மறுபடியும் சிறிது தேய்ப்பது, இன்னொரு படம் எடுப்பது என்று தாள் முழுவதும் சாம்பலாகும்வரை போங்கள். எதையும் மறுபடி வரைய வேண்டியதில்லை. 20 நொடிக்கு டூஸில் 240 படங்கள். நிதானமாகச் செய்தாலும் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். வரப்புகளைக் கடைசியில் மூடுங்கள். சில இடங்களில் ரப்பரால் துடைத்து மீண்டும் தேய்த்தால் நீரின் அலைவு கிடைக்கும்.

ஜன்னலை முழுவதும் மூடி, தாளின் இருபுறமும் ஒரே வகையான இரண்டு விளக்குகளைச் சாய்வாக வையுங்கள். கேமராவில் எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் மேனுவலில் பூட்டிவிடுங்கள். தானியங்கி நிலையில் விட்டால், தாள் கறுக்கக் கறுக்கக் கேமரா அதை வெளுப்பாக்கிக் காட்டும், பிறகு படமெங்கும் மினுக்கல் வரும். ஷட்டரைக் கையால் தொடாமல் டிராகன்ஃப்ரேம் மென்பொருள் வழியாகவோ ரிமோட்டாலோ அழுத்துங்கள். படம் எடுக்கும்போது நீங்கள் வெள்ளைச் சட்டை அணிந்திருந்தால் அதன் ஒளி தாளில் விழும். கறுப்புத் துணி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்கு விலகி நின்று எடுங்கள். திரும்பிப்போக வழியில்லாத முறை என்பதால், முதல் நாள் சிறு தாளில் ஐந்து நொடிக்கு ஒரு சோதனை செய்து பார்த்துவிட்டுப் பெரிய தாளைத் தொடுங்கள்.